முதல் பக்கங்கள் இல்லாத நாடகப் பிரதி

2018 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. மூன்றாவது பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்தபோது மேஜைமேல் பல்கலைக்கழகக் கவர் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடகங்களைப் பற்றி ஐந்து வருடம் பகுதிநேரமாகச் செய்த என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்லி மதிப்பீட்டாளர் ஒருவர் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றரைப் பக்க அறிக்கை. முதல் பத்தியிலேயே ஒரு கேள்வி. தலைப்பில் ‘பண்பாட்டு மோதல்’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்த முத்திரையை என் நாடகத்தின்மேல் குத்தாதீர்கள் என்று நீங்கள் எடுத்துக்கொண்ட நாடகாசிரியர் வொலே சொயின்காவே நாடகத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறாரே, பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். நான் பார்த்ததில்லை. என்னிடம் இருந்த ஜெராக்ஸ் பிரதியில் அந்தப் பக்கமே கிடையாது.

அன்றைக்கு மீதி இரண்டு வகுப்பை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊர் வரும்வரை அழுதேன். வீட்டில் யாரிடமும் பத்து நாள் சொல்லவில்லை. எங்கள் துறையில் மேற்கு ஆப்பிரிக்க நாடகத்தில் ஆய்வு செய்த வேறு ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. அப்போது யாராவது நாலு விஷயம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இருபத்தொரு மாதம் மிஞ்சியிருக்கும். இந்த நாடகங்களை இப்போது ஆய்வுக்கோ பாடத்துக்கோ எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கு நடுவே நான் கற்றுக்கொண்டது தானாக வரும்.

2013இல் பதிவு செய்தபோது நான்கு நாடகம் எடுத்துக்கொண்டேன். கானாவின் அமா அட்டா ஐடூ எழுதிய ‘ஒரு பேயின் இரண்டக நிலை’, எஃபுவா சதர்லாண்டின் ‘அனான்சேவாவின் திருமணம்’, நைஜீரியாவின் வொலே சொயின்கா எழுதிய ‘சிங்கமும் ரத்தினமும்’, ‘மரணமும் மன்னனின் குதிரைவீரனும்’. குடும்பம், மரபு, நவீனம் என்று மூன்று சொல்லோடு பண்பாட்டு மோதலையும் சேர்த்து ஒரு தலைப்பு. பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள கடையில் நான்கு நாடகத்துக்கும் ஸ்பைரல் போட்ட பிரதி தயாராகவே கிடைக்கும், எல்லாம் சேர்த்து 420 ரூபாய். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காகப் போட்டவை அவை. காட்சி ஒன்று என்று தொடங்கி கடைசி வசனத்தில் முடிந்துவிடும். அட்டை, ஆசிரியர் குறிப்பு, அரங்கேற்ற விவரம், முன்காட்சி எதுவும் இருக்காது. மிச்சத்துக்கு இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்கள். அவற்றில் எல்லாம் ஒரே பாட்டுத்தான்: ஒரு பக்கம் மரபு, இன்னொரு பக்கம் நவீனம், நடுவில் மாட்டிக்கொண்ட கதாநாயகன்.

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆய்வேட்டில் இரண்டு பத்தி போட்ட ஒரு அட்டவணைகூட உண்டு. இடது பக்கம் மரபு, வலது பக்கம் நவீனம், கீழே கதாபாத்திரங்களின் பெயர்கள். பழைய வீடு இடது, ஃப்ரிட்ஜ் வலது. அதைப் போட்டபோது எனக்கு அவ்வளவு திருப்தி. மதிப்பீட்டாளர் அந்த அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு பெயரைச் சுழித்திருந்தார்: ஒலுண்டே. சொயின்காவின் நாடகத்தில் குதிரைவீரன் எலெசினின் மகன் அவன், இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பவன். இரண்டாம் இயலில் அவனை ‘நவீனம்’ பக்கம் வைத்திருந்தேன், நான்காம் இயலில் ‘மரபு’ பக்கம். நான் கவனிக்கவே இல்லை. என் நெறியாளரும் கவனிக்கவில்லை. அவர் நான்காம் இயலைப் படித்தாரா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த நாடகத்தின் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நைஜீரியாவின் யொருபா இன மன்னர் இறந்து முப்பது நாளில் அவருடைய குதிரைவீரன் எலெசின் தானும் உயிர்விட்டு அவருக்குத் துணையாகப் போக வேண்டும். யொருபா ஊரான ஓயோவில் 1946இல் நடந்தது என்று சொயின்கா சொல்லும் சம்பவம் ஒன்றை வைத்து, காலத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, உலகப் போர் நடக்கும் நேரத்தில் வைத்து எழுதியது, 1975இல் வெளிவந்தது. கடைசி இரவில் எலெசின் ஒரு இளம்பெண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு மணக்கிறான். சந்தைப் பெண்களின் தலைவி இயலோஜாவின் மகனுக்கு நிச்சயமான பெண் அவள். வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி பில்கிங்ஸ் நடுவில் புகுந்து எலெசினைக் கைது செய்கிறார். தந்தை செய்யத் தவறியதைச் செய்ய, மருத்துவம் படித்த மகன் தன் உயிரைக் கொடுக்கிறான். இந்த ஒலுண்டேயை எந்தப் பத்தியில் போடுவது? போரில் காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்தவன், ஐரோப்பாவை உள்ளே இருந்து பார்த்தவன், அதைப் பார்த்த பிறகே தன் ஊரின் கடமையை ஏற்கிறான். சொயின்கா முன்குறிப்பில் சொல்வதும் இதைத்தான். காலனிய அதிகாரி ஒரு தூண்டுகோல் மட்டுமே, உண்மையான போராட்டம் எலெசினுக்குள்ளும், வாழ்பவர், இறந்தவர், இன்னும் பிறக்காதவர் மூவரும் சேர்ந்த யொருபா உலகத்துக்குள்ளும் நடக்கிறது என்கிறார். இந்த ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் என் தலைப்பே வேறு.

அதனால் என் முதல் வேண்டுகோள் மிக எளிமையானது. வேலையைத் தொடங்கும் முன் பதிப்பகம் போட்ட முழுப் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். விலை கூடுதல்தான். கடைசியில் நான்கு நாடகத்தோடு ‘அனோவா’வும் சேர்த்து வெளியூரிலிருந்து வரவழைக்க எனக்கு 8,600 ரூபாய் ஆயிற்று. முடியாவிட்டால் உங்கள் கல்லூரி நூலகம் டெல்நெட் என்னும் நூலக வலையமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள், வேறு நூலகத்திலிருந்து இரவலாக வரவழைத்துத் தருவார்கள். எங்கள் நூலகமும் உறுப்பினர்தான். ஐந்து வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இனி ஐடூவின் நாடகத்துக்கு வருகிறேன். என் ஆய்வேடு உடைந்த இடமும் அதுதான், திரும்ப எழுந்த இடமும் அதுதான். ஐடூ லெகோனில் கானா பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது எழுதியது, 1964இல் அங்கேயே மேடையேறியது, அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. கானாவின் ஃபாந்தி இன மக்களின் ஊரில் நடக்கும் கதை. ஆடோ யாசன் என்ற பையனைக் குடும்பமே சேர்ந்து அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியிருக்கிறது. அம்மா எசி கோம் கடன் வாங்கியிருக்கிறாள், தங்கை மொன்காவுக்கு அதனால் ஏகப்பட்ட மனக்குறை. அவன் வந்து தங்குவதற்காகக் குலத்து வீட்டில் புதுக்கட்டு ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். அவன் திரும்பி வருகிறான், யூலலி என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு. யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவள் சிகரெட் பிடிக்கிறாள், கோக் குடிக்கிறாள். மாமியார் ஆசையாகக் கொண்டுவந்த நத்தைகளைப் பார்த்து அருவருத்துத் தூக்கி எறிகிறாள். குழந்தை சில காலம் கழித்து என்று கணவன் மனைவி இருவரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ஊருக்கு அது தெரியாது. மருமகள் மலடி என்று நினைத்து, வயிற்றைக் கழுவ மூலிகைத் தண்ணீரோடு வருகிறார்கள். ஆடோ அப்போதும் வாய் திறப்பதில்லை.

இதைப் படித்ததும் நமக்கு உடனே என்ன தோன்றும்? மாமியார் மருமகள் கதை. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் விசேஷம் இல்லையா என்று கேட்கும் சொந்தக்காரர்கள். வம்சம் தழைக்க வேண்டும் என்ற பதைப்பு. நானும் அப்படித்தான் எழுதினேன். ‘தந்தைவழிச் சமூகத்தில் வாரிசுக்கான நெருக்கடி’ என்று பதினெட்டுப் பக்கம். மதிப்பீட்டாளர் அந்தப் பதினெட்டுப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதியிருந்தார்: இந்த நாடகத்தின் பாத்திரப் பட்டியலில் ஆடோவின் அப்பா எங்கே?

எடுத்துப் பார்த்தேன். பாட்டி நானா இருக்கிறாள். அம்மா இருக்கிறாள், தங்கை இருக்கிறாள். பெரிய மாமா பெட்டு, சின்ன மாமா, பெரியம்மா, சித்தி எல்லோரும் இருக்கிறார்கள். அப்பா மேடைக்கு வரவே இல்லை. ஐந்து வருடம் இந்த நாடகத்தோடு வாழ்ந்தவள், அப்பா இல்லாததைப் பார்க்கவில்லை.

ஃபாந்தி மக்கள் அக்கான் இனத்தின் ஒரு கிளை, தாய்வழிச் சமூகம். அபுசுவா என்று சொல்லும் குலம் அம்மாவிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும். ஆண்மகனின் சொத்து அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும், சொந்தப் பிள்ளைகளுக்கு அல்ல. தகப்பன் வழியாகப் பெயர் வரும், ஃபாந்திகளிடம் அசாஃபோ என்னும் படைக்குழு உறுப்புரிமை வரும், குலம் வராது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சட்டப்படி ஒரு நிச்சயமான பங்கு கிடைக்க, கானாவில் 1985இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அப்படியானால் யூலலிக்குக் குழந்தை பிறந்தால் அது எந்தக் குலம்? அவளுடைய குலம். அவளுக்கு எது குலம்? அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பேத்தி அவள். குலமே இல்லாத ஒருத்தி. யார் பெற்ற பிள்ளை, எந்த இனம் என்று பாட்டி திரும்பத் திரும்பக் கேட்கும்போது, ஆடோ அமெரிக்கா என்கிறான், அவளுக்கு இனம் கிடையாது என்கிறான். வேரே இல்லாத மரம் உண்டா என்று கிழவி திகைக்கிறாள். செத்து முன்னோர்களிடம் போய் இதை எப்படிச் சொல்வேன் என்று புலம்புகிறாள். நான் அதைப் பழமைவாதியின் வெறுப்பு என்று எழுதியிருந்தேன். அந்தக் கிழவியின் பயத்துக்குள் ஒரு முழுக் கணக்கு இருக்கிறது. தன் பேரனுக்குப் பிறக்கும் குழந்தை எந்த வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லும் என்ற கணக்கு. அதில் வெறுப்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவரின் பூர்வீகத்தை இன்னொருவர் வெளியே சொல்லக் கூடாது என்பது அக்கான் மக்களின் பழைய விதி. அடிமை வழியில் வந்தவர்களையும் குலத்துக்குள் சேர்த்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்த ஊர்கள் அவை. யூலலி வந்து நின்றதும் அந்த மௌனம் உடைகிறது.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் அல்ல, என் ஆச்சி. நாங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். ஆச்சியின் அம்மா சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோனார். வயல் முழுக்க அவருடைய அக்கா மகன்களுக்குப் போயிற்று, சொந்தப் பிள்ளைகள் கையில் ஒன்றும் இல்லை. அப்போது எங்கள் பக்கம் மருமக்கள்வழி. கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியதே இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்ட கதை. 2018 ஏப்ரலில் ஒரு மத்தியானம் ஆச்சி புளி ஆய்ந்துகொண்டே அதை மறுபடி சொன்னபோது, “ஆச்சி, அப்போ அப்பாவோட தறவாடு வேற, பிள்ளையோட தறவாடு வேறயா?” என்று கேட்டேன். தறவாடு என்றால் குலத்து வீடு. “பின்னே? பிள்ளை அம்மைக்க கூட்டம்லா மக்களே” என்றார். கொட்டை எடுக்கும் கத்தியைக்கூட நிறுத்தவில்லை. என் வீட்டுத் திண்ணையில் இருந்த திறவுகோல். அதுவும் இதுவும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் அது அடுத்த தவறு. ஆனால் ‘குடும்பம்’ என்ற சொல்லைக் கண்டதும் நம் வீட்டுப் படத்தை அங்கே மாட்டிவிடுகிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆகையால் ஒரு நாடகத்தில் குடும்பம் வந்தால், விளக்கம் எழுத உட்காரும் முன் ஒரு தாளில் உறவுமுறை வரைந்துவிடுங்கள். யார் யாருக்கு என்ன உறவு, அம்மா வழியா அப்பா வழியா, யார் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், யார் மேடைக்கு வரவே இல்லை. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. அந்த மக்களின் வாரிசு முறை பற்றி ஒரு மானுடவியல் கட்டுரையாவது படியுங்கள், இலக்கிய விமர்சனம் மட்டும் போதாது. ஃபாந்திக்குப் பொருந்துவது யொருபாவுக்குப் பொருந்தாது. யொருபாக்கள் பெரும்பாலும் தந்தைவழி. ‘ஆப்பிரிக்கக் குடும்பம்’ என்று ஒன்றைச் சொல்லி நான்கு நாடகத்தையும் ஒரே கூடையில் போட்டிருந்தேன்.

இதே வகையில் இன்னொரு தவறு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ‘சிங்கமும் ரத்தினமும்’ நாடகத்தில் பள்ளி ஆசிரியர் லகுன்லே, சிடி என்ற பெண்ணை மணக்கக் கேட்கிறான், ஆனால் அவளுக்காகக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்க மாட்டேன், அது காட்டுமிராண்டித்தனம் என்கிறான். சிடி விடுவதில்லை. பணம் வாங்காமல் போனால் ஊர் என்னைக் கன்னி இல்லை என்று பேசும் என்கிறாள். இதை எழுதும்போது ஓரிடத்தில் வரதட்சணை என்ற பொருளில் எழுதிவிட்டேன். லகுன்லே வரதட்சணையை எதிர்க்கும் சீர்திருத்தவாதி ஆகிவிட்டான்! பணம் போகும் திசையே தலைகீழ். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுப்பது அது. நமக்குப் பரிசம் என்ற சொல் இருக்கிறது, அதற்குக் கிட்டே வரும். திசையைச் சரியாகப் போட்ட பிறகு லகுன்லேயின் வசனங்கள் வேறு மாதிரி ஒலித்தன. முற்போக்குச் சொற்களைச் சொல்லிக்கொண்டே கையைவிட்டுக் காசு போகாமல் பார்த்துக்கொள்கிறான். மறுபக்கம் கிழவன் பரோக்கா ரயில் பாதை தன் ஊருக்குள் வராமல் லஞ்சம் கொடுத்துத் திருப்பியவன். அதே ஆள் தபால்தலை அச்சிடும் இயந்திரத்தைக் காட்டித்தான் சிடியை மயக்குகிறான். இரண்டு பேரையும் எந்தப் பத்தியில் போடுவீர்கள்?

சதர்லாண்டின் நாடகத்திலும் முடிச்சு இப்படி ஒரு நடைமுறை விவரத்தில்தான் இருக்கிறது. அனான்சே தன் மகள் அனான்சேவாவின் புகைப்படத்தைக் கல்யாணத்துக்காக நான்கு தலைவர்களுக்குக் காட்டி, நால்வரிடமும் பரிசு வாங்குகிறான். தலை மது என்று சொல்லும் சடங்குப் பானத்தைக் கொண்டுவந்து வைக்கும்வரை எந்தப் பரிசும் யாரையும் கட்டுப்படுத்தாது என்ற வழக்கம் அவனுக்குத் துணை. நால்வரும் ஒரே நேரத்தில் தலை மதுவோடு கிளம்பியதும், மகளைச் செத்ததுபோல் படுக்க வைக்கிறான். மரபு என்பது அவனுக்குச் சுமை அல்ல, கையில் உள்ள கருவி. எந்தச் சந்தில் எப்படித் திரும்பலாம் என்று தெரிந்தவன். சிரிக்கச் சிரிக்க எழுதப்பட்ட நாடகம், ஆனால் மகள் பேச்சு எத்தனை இடத்தில் கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

பண விஷயத்துக்கு வருகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. 2016இல் இரண்டு கட்டுரை வெளியிட ஒரு பன்னாட்டு இதழுக்குத் தலா 4,500 வீதம் 9,000 ரூபாய் கட்டினேன். நான்கு நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று மின்னஞ்சல் வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இந்த நாடகங்களைப் படித்த யாராவது ஒருவர் அதைப் பார்த்திருந்தால், அபத்தங்களை அன்றைக்கே சொல்லியிருப்பார். பணம் கட்டி வாங்கியது அச்சை மட்டுமல்ல, யாரும் படிக்கமாட்டார்கள் என்ற உத்தரவாதத்தையும்தான். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, தான் ஏற்றுக்கொண்ட இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியபோது அந்த இதழும் போயிற்று. மறுசமர்ப்பிப்புக் கட்டணம் 15,000. தட்டச்சும் பைண்டிங்கும் 11,000. சென்னைக்கும் ஹைதராபாத்துக்குமாக நூலகம் தேடி மூன்று பயணம், 14,000. புத்தகத்தோடு சேர்த்தால் 57,600. சுயநிதிக் கல்லூரியில் எனக்கு அப்போது மாதம் 18,000 சம்பளம், இரண்டு மாதம் சம்பளம் இல்லா விடுப்பு எடுத்தேன். பட்டம் கையில் இல்லாததால் விண்ணப்பிக்க முடியாமல் போன ஒரு வேலை அறிவிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கட்டுரையை விரைவாக ஏற்கும் இதழைவிட, இரண்டு பக்கம் குறை சொல்லித் திருப்பி அனுப்பும் இதழ்தான் உங்களுக்கு லாபம். நெறியாளர் படிக்கிறாரா என்று தெரியாவிட்டால், வெளியே ஒருவரைப் பிடித்து ஒரு இயலையாவது படிக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கை எனக்கு அவமானமாகத்தான் வந்தது. ஆனால் என் எழுத்தை முதன்முதலில் வரிவரியாகப் படித்தவர் அவர்தான்.

திருத்த உட்கார்ந்தபோது முழுப் புத்தகம் கையில் இருந்தது. ஐடூ நாடகத்தின் முன்காட்சியை அப்போதுதான் முதல்முறை படித்தேன். வழியோரப் பறவை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு குரல் வந்து, இந்த வீடு, இந்தக் குடும்பம், இந்தக் கடன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிறது. பிறகு நாடகத்துக்குள்ளே குழந்தைகள் பாடும் பாட்டு ஒன்று வரும். சந்தியில் நிற்கும் ஒரு பேய், கேப் கோஸ்ட்டுக்குப் போகவா, எல்மினாவுக்குப் போகவா, தெரியவில்லையே என்று புலம்பும். பழைய ஆய்வேட்டில் இதை மரபுக்கும் நவீனத்துக்கும் நடுவே உள்ள நாற்சந்தி என்று எழுதியிருந்தேன். இந்த முறை வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கடற்கரை ஊர்கள். எல்மினாவில் போர்ச்சுகீசியர் 1482இல் கட்டத் தொடங்கிய கோட்டை. கேப் கோஸ்ட்டில் பின்னர் ஆங்கிலேயர் கையில் இருந்த கோட்டை. இரண்டின் நிலவறைகளிலும் மனிதர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். அந்தப் பேய் எந்த வழியில் போனாலும் அடிமைக் கோட்டைக்குத்தான் போய்ச் சேரும். ஆடோ அழைத்துவந்த பெண் அந்த வழியாகப் போனவர்களின் வாரிசு. ஊர்ப் பெயர் வந்தால் வரைபடத்தைப் பாருங்கள் என்று என் மாணவிகளிடம் சொல்வது இதனால்தான். ஐடூ 1970இல் வெளியிட்ட ‘அனோவா’வில் இது இன்னும் வெளிப்படையாக வரும். 1870களின் ஃபாந்தி நாட்டில் நடக்கும் கதை. கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சிறுமி அனோவா பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, அடிமை வாணிபம் வரை பேச்சு போனதும் பாட்டி வாயை அடைத்துவிடுகிறாள். அன்று இரவு அனோவாவின் கனவில், தன் வயிற்றிலிருந்து வந்த மனிதர்களைக் கடலிலிருந்து ஏறிவரும் ராட்சத சிங்கி இறால்கள் பிடித்துக் கிழிக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகே இந்தச் சிக்கல் தொடங்கியது என்று எழுதியதும் தவறுதான். கானா சுதந்திரம் பெற்றது 1957இல். கோபினா செகி என்ற கேப் கோஸ்ட் வழக்கறிஞர் 1915 வாக்கிலேயே, ஆங்கிலேய மோகம் பிடித்த குடும்பங்களைக் கேலி செய்து ஃபாந்தியும் ஆங்கிலமும் கலந்து ஒரு நாடகம் எழுதிவிட்டார். உங்கள் நாடகத்துக்கு நாற்பது ஐம்பது வருடம் முன்னால் அதே ஊரில் என்ன மேடையேறியது என்று தேடுவது ஒரு நாள் வேலை.

நாடகத்தை வாய்விட்டுப் படியுங்கள், அரங்கக் குறிப்புகளையும் சேர்த்து. எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் உட்கார்ந்து ஐடூவின் கடைசிக் காட்சியைத் தாழ்ந்த குரலில் படித்த ராத்திரி நினைவிருக்கிறது. சண்டையில் ஆடோ மனைவியை அறைகிறான், அவள் வெளியே ஓடிவிடுகிறாள். நள்ளிரவில் அம்மாவின் கதவைத் தட்டி, குழந்தையைத் தள்ளிப்போட்டது நாங்கள் இருவரும் எடுத்த முடிவு என்று இப்போதுதான் சொல்கிறான். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று எசி கோம் கேட்கிறாள். கருத்தடை என்பது அவளுக்குப் புரியாத விஷயம்தான், ஆனால் அவள் கோபம் அதன்மேல் அல்ல, மகனின் மௌனத்தின்மேல். எங்களை இப்படி ஒரு பெண்ணை வதைக்க விட்டுவிட்டாயே என்ற கோபம். பிறகு அந்தப் பெண்ணின் அம்மா இறந்துவிட்டாள் என்று சொன்னாயே, நாம் அவளிடம் கவனமாக இருக்க வேண்டும், அந்தத் தாயின் ஆவி மகளுக்கு நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் என்கிறாள். அந்நேரம் யூலலி தளர்ந்துபோய் வந்து நிற்கிறாள். எசி கோம் அவளைத் தாங்கி உள்ளே அழைத்துப் போகிறாள். எந்தக் கதவு வழியாக? அரங்கக் குறிப்பு அதைச் சொல்கிறது. கடன் வாங்கிக் கட்டிய புதுக்கட்டின் கதவு அல்ல, பழைய வீட்டுக் கதவு. ஆடோ முற்றத்தில் தனியாக நிற்கிறான், பேயின் பாட்டு கேட்கிறது. அந்த வரியைப் படித்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய ஆய்வேட்டில் நான் கதவைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. ‘மரபான மாமியார் இறுதியில் நவீனத்துக்கு இணங்குகிறாள்’ என்று முடித்திருந்தேன். யார் யாருக்கு இணங்கினார்கள்? குலமில்லாத பெண்ணுக்குத் தன் குலத்தின் பழைய வாசலைத் திறக்கிறாள்.

2019 நவம்பரில் மறுபடி சமர்ப்பித்தேன். தலைப்பிலிருந்து மோதல் போயிருந்தது, அட்டவணை போயிருந்தது. 2020 பிப்ரவரியில் வாய்மொழித் தேர்வு. பென்சிலால் சுழித்த அதே மதிப்பீட்டாளர் வந்திருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசினார். செத்துப்போன தாயை எசி கோம் எதற்காக அந்த நேரத்தில் இழுக்கிறாள் என்று ஒரே கேள்வி கேட்டார். தாய் வழியாகத்தான் குலம் வரும் ஊரில், தாயில்லாதவளுக்குக் குலம் கொடுக்க வேண்டுமென்றால் இன்னொரு தாய்தான் கொடுக்க முடியும், மாமியாராக நின்று அவளால் அதைச் செய்ய முடியாது, அதனால் அந்தத் தாயின் இடத்துக்குப் போய் நின்று பேசுகிறாள் என்றேன். சட்டப்படி அது செல்லுமா என்று கேட்டார். செல்லாது சார், அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, கையெழுத்துப் போடும் தாளை நகர்த்தச் சொன்னார்.